கறையானையும் ஒட்டுண்ணிக் குளவியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி

சில வருடம் முன்பு, கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு ஊரில் எங்கள் காப்பித் தோட்டத்தில் கறையானைக் கண்டதும் மருந்து ஊற்றினேன். அது மண்தின்னிக் கறையான், உயிருள்ள செடியைத் தொடாதது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் லென்ஸை எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெள்ளைத் தட்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும்.

மழை விட்ட மறுநாள் நிழல்மரத்தடியில் மக்கிய கட்டையைப் புரட்டி, அடியில் உள்ள கறுத்த மண்ணை ஒரு கை அள்ளித் தட்டில் உதறுங்கள். வெளுத்த உடம்போடு ஒன்று நகர்ந்தால் வயிற்றைப் பாருங்கள். தோல் அவ்வளவு மெல்லிசு. தின்ற மண் உள்ளே கறுப்பாகத் தெரிந்தால் மண்தின்னி. பட்டைமேல் மண் பூசிக்கொண்டு ஏறுவது வேறு வகை. மக்கிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்க மண்தின்னியின் குடலில் ஒரு பகுதி கடும் காரத்தன்மையோடு (புளிப்புக்கு எதிரான தன்மை) இருக்கும். ஆப்பிரிக்க இனங்கள் சிலவற்றில், அதை அளக்கும் பி.எச். அளவு 12-ஐத் தாண்டுகிறது, ஏறக்குறைய சுண்ணாம்புத் தெளிவு மாதிரி. பார்த்ததும் மண்ணோடு திருப்பி வைத்துவிடுங்கள், வெயில் பட்டால் காய்ந்துவிடும்.

குளவிக்காக அலைய வேண்டாம். முட்டைக்கோஸ் இலையைத் திருப்பி சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினியின் கூட்டத்தைப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டு உப்பி, வைக்கோல் நிறத்தில், அசையாமல் ஒட்டியிருக்கும். தாய்க்குளவி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பொரித்த புழு அசுவினியை உயிரோடு உள்ளிருந்தே தின்று, வெறும் தோலை விட்டிருக்கிறது. இலைத்துண்டோடு வெட்டி பாட்டிலில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். சில நாளில் அசுவினியின் முதுகில் வட்டமாக ஒரு கதவு வெட்டியிருக்கும். பக்கத்தில் கொசுவைவிடச் சின்னதாக ஒரு கருங்குளவி.

சரி, இப்போது மறுபடி ஒரு கறையானைத் தட்டில் எடுத்து, லென்ஸில் இரண்டையும் பாருங்கள். குளவிக்கு இடுப்பு நூலாக ஒடுங்கும், கறையானுக்கு ஒடுங்கவே ஒடுங்காது. கறையானின் உணர்கொம்பு மணி கோத்த மாதிரி இருக்கும். விளக்கடியில் விழுந்த ஈசல், அதாவது இறகு முளைத்த கறையான், கிடைத்தால் இறகையும் பாருங்கள்: நான்கும் ஒரே நீளம். குளவிக்குப் பின்னிறகு சின்னது. கறையானை எறும்புக்குச் சொந்தம் என்பார்கள். உண்மையில் எறும்புக்குச் சொந்தம் குளவிதான், கறையான் கரப்பான் வம்சம். கறையான் குஞ்சு பொரிக்கும்போதே கறையான் சாடையில்தான் இருக்கும், குளவிக்குப் புழுவும் கூட்டுப்புழுவும் உண்டு.

பார்த்து முடித்ததும் பாட்டிலை முட்டைக்கோஸ் பாத்தியிலேயே திறந்து வையுங்கள். அடுத்த அசுவினியை அது தேடிக்கொள்ளும்.