புடாபெஸ்டில் மூன்று நாள்: குளிர்காலப் பயணத்தை வெளிச்சம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

விசா, காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு அப்புறம் செய்ய வேண்டியவை மட்டும் இங்கே.

1. தேதி

கிறிஸ்துமஸ் சந்தைகள் வேண்டுமென்றால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 22க்குள் போய் வந்துவிடுங்கள். அவை முக்கியமில்லை என்றால் ஜனவரி நடுப்பகுதிதான் என் தேர்வு. கூட்டம் வடிந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

2. தங்குமிடம்

டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள பெஷ்ட் பக்கம், தெயாக் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எடுங்கள். எம்1, எம்2, எம்3 மூன்று மெட்ரோ தடங்களும் அங்கே சந்திக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புடா அழகுதான். ஆனால் மேடு. பனி உறைந்த சரிவில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது தேவையில்லாத சிரமம்.

3. வெளிச்சம்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

டிசம்பர் நடுவில் புடாபெஸ்டில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். காலையில் ஏழரை வாக்கில்தான் உதிக்கும். பகல் மொத்தமே எட்டரை மணி நேரம். கோடைக்காலத்துக்கென்று எழுதிய பயணத் திட்டத்தை அப்படியே எடுத்தால் பாதி இடங்களை இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

அதனால் நான் இடங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுவேன்: வெளிச்சம் வேண்டியவை, வேண்டாதவை. இதற்கு எக்செல்லைவிடத் தாளும் பென்சிலும்தான் வசதி, அழித்து அழித்து எழுதலாம். உங்கள் தேதிக்கான சூரிய மறைவு நேரத்தை வானிலைச் செயலியில் பார்த்துத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது திசை. நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பு மேற்கே, டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. புடா மேட்டில் உள்ள மீனவர் கொத்தளம் என்ற பார்வை மாடத்தில் காலையில் நின்றால் வெயில் நம் கண்ணில் அடிக்கும், எதிரே கட்டடம் நிழலாகத் தெரியும். மதியத்துக்கு மேல் அதே முகப்பு முழுவதும் வெயில் விழும். எனவே காலை பெஷ்டில் நடை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தெயாக் சதுக்கத்தில் 16ஆம் எண் பேருந்தைப் பிடித்து மேலே போங்கள். மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிட்டால், வெயில், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். இறங்கி வந்து இரண்டாம் எண் டிராமில் ஏறுங்கள். பெஷ்ட் கரையோரமாகவே போகும் அதில், ஆற்றுப் பக்க இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.

அந்தக் காலை நடையில் நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரையின் கல் விளிம்பில் வரிசையாக இரும்புக் காலணிகளைப் பார்ப்பீர்கள். ஆண், பெண், குழந்தைக் காலணிகள். 1944-45 குளிர்காலத்தில் ஏரோ கிராஸ் என்ற ஹங்கேரிய பாசிசக் கட்சி ஆட்கள் யூதர்களை இங்கே நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளியதன் நினைவாக 2005இல் வைத்தவை. சிலவற்றுக்குள் மெழுகுவத்தியும் பூவும் இருக்கும். இங்கே நேரக்கணக்குப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கவும் வேண்டாம்.

4. முன்பதிவு

நாடாளுமன்றத்துக்குள் குழுச் சுற்றில் சேர்ந்துதான் போக முடியும், சுமார் 45 நிமிடம். சீட்டு விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். ஹங்கேரிய மணிமுடியும் தங்கப் படிக்கட்டும் உள்ளே இருப்பவை, அவற்றுக்குப் பகல் வெளிச்சம் தேவையில்லை. மீனவர் கொத்தளத்துக்குப் போகாத வேறொரு நாளில் கடைசி ஆங்கிலச் சுற்றை எடுத்தால் போதும்.

5. பயணச்சீட்டு

நகரப் போக்குவரத்துக்குக் கூகுள் மேப்ஸைவிட புடாபெஸ்ட்கோ செயலியைப் பரிந்துரைக்கிறேன். வழியும் பார்க்கலாம், சீட்டும் அதிலேயே வாங்கலாம். மூன்று நாளுக்கு 72 மணி நேரச் சீட்டு சரியாக இருக்கும். ஆனால் விமான நிலையத்திலிருந்து நேராக நகருக்கு வரும் 100இ பேருந்துக்கு அது செல்லாது, தனிச் சீட்டு வேண்டும். ஒற்றைக் காகிதச் சீட்டு வாங்கினால் மெட்ரோ வாசலில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் கீழே நடைமேடைக்கு இறங்காதீர்கள். பரிசோதகர்கள் நகரும் படிக்கட்டின் அருகிலேயே நிற்பார்கள்.

6. வெந்நீர்க் குளியல்

1913இல் திறந்த செச்செனி குளியலகத்தில் திறந்தவெளிக் குளங்கள் இருக்கின்றன. இருட்டிய பிறகு போங்கள். வெளியே பூஜ்யம் டிகிரி, தண்ணீர் உடல் சூட்டை ஒட்டி. விளக்கொளியில் ஆவி எழும்பி எதிரே இருப்பவரின் முகம் மறைந்து மறைந்து தெரியும். உடை மாற்றும் இடத்திலிருந்து குளம் வரை குளிரில் நடக்க வேண்டும் என்பதால் செருப்பும் துண்டும் கொண்டு போங்கள். நீச்சல் குளத்தில் நீந்தத் தலையுறையும் அவசியம். தலையை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

7. பணம்

ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரின்ட். ஏடிஎம்மோ கடைக்காரரோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி ஃபோரின்டையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

டிசம்பர் 24 அன்று போய் இறங்குவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மெட்ரோவும் பெரும்பாலான டிராம்களும் மாலையோடு நின்றுவிடும். 24, 25, 26 மூன்றும் விடுமுறை. கிறிஸ்துமஸ் நாட்களில்தான் போக முடியும் என்பவர்கள், மூன்று நாள் சாப்பாட்டுக்கு வேண்டியதை 23ஆம் தேதியே வாங்கி வைக்கும்படி பயணத்தைச் சற்று முன்னே நகர்த்துங்கள்.

சைவர்களுக்கு: பொரித்த லாங்கோஷ் ரொட்டி, சீஸ், புளித்த கிரீம் போட்டுக் கிடைக்கும். ஃபெசெலெக் என்ற காய்கறிக் கூட்டும் உண்டு. இரண்டிலும் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள், குளியலகத்தில் எந்த வயது முதல் அனுமதி என்பதை அவர்களின் தளத்தில் பார்த்த பிறகே சீட்டு எடுங்கள். அனுமதி இல்லையென்றால், செச்செனி குளியலகம் இருக்கும் அதே நகரப் பூங்காவில், வாய்தாஹுன்யாத் கோட்டைக்கு எதிரே பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. சறுக்குக் காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.