பழைய மாத்திரை, புதிய நோய்: பேட்டன்ட் மனு சறுக்கும் இடங்கள்

"சார், ஒரே ஒரு சந்தேகம்" என்றபடி வந்தார் ஒரு மருந்தியல் ஆசிரியை. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக விற்கும் ஒரு மாத்திரை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தசை மெலிய வைத்த எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பின்னங்கால் தசையின் எடை அவ்வளவாகக் குறையவில்லை. கம்பியைப் பற்றி இழுக்கும் பிடிவலிமையும் தேறியிருக்கிறது. "இதுக்கு பேட்டன்ட் எடுத்துடலாமா?"

அவர் பையிலிருந்து ஒரு கருத்தரங்க மலர் எட்டிப் பார்த்தது. வாங்கிப் புரட்டினேன். 41ஆம் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை எலிகள், என்ன பலன் என்று எல்லாமே அச்சாகியிருந்தது. கருத்தரங்கு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

மனு போடும் முன்பே வெளியிட்டுவிடும் இந்தத் தவறு, பேட்டன்ட் மனு எழுதும் எங்களிடம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். கண்டுபிடித்தவரே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்; ஐரோப்பாவில் காப்புரிமைக்குத் தேவையான புதுமை அங்கேயே போய்விடும். அமெரிக்கா மட்டும் தாராளம், ஓராண்டு அவகாசம் தருகிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்கும் அந்த அவையின் மலரில் வந்ததற்கும் 12 மாதம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் சாதாரண ஆய்விதழில் வந்ததற்கு அது குடை பிடிக்காது. நூலகத்தில் வைத்த முனைவர் பட்ட ஆய்வேடும் வெளியீடுதான். மருத்துவ ஆய்வுக்கான இந்தியப் பதிவேட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். எந்த மருந்து, எந்த நோய், என்ன அளவு என்று யார் வேண்டுமானாலும் அதில் படிக்கலாம். ஆகவே மனு முதலில், மற்றதெல்லாம் பிறகு. கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல் கட்டத் தாளான தற்காலிக விவரக்குறிப்பை இணையவழியில் தாக்கல் செய்யத் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய்தான்; முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் நேரம் உண்டு. அதற்காக ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. தாக்கல் செய்த தேதி, அந்தத் தாளில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் செல்லும்.

இனி பெரிய விஷயம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, அறிந்த ஒரு பொருளுக்குப் புதிய பண்பையோ புதிய பயனையோ கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. சர்க்கரை மாத்திரை தசையைக் காக்கும் என்பது எவ்வளவு அரிய செய்தியாக இருந்தாலும் இங்கே அது 'புதிய பயன்'தான். "அப்ப மருந்தைக் கேட்கல, சிகிச்சை முறையைத்தான் கேட்கிறேன்" என்று கதவை மாற்றித் தட்டுவார்கள். அங்கே 3(ஐ) நிற்கிறது: மனிதருக்கான சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை. 'இன்ன நோய்க்கான மருந்து தயாரிப்பதில் இன்ன பொருளைப் பயன்படுத்துதல்' என்ற ஸ்விஸ் பாணி வாசகமும் இங்கே எடுபடாது.

3(டி) என்றாலே நினைவுக்கு வரும் வழக்கு சென்னையில் முளைத்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998இல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் மனு போட்டது, 2006இல் நிராகரிக்கப்பட்டது. 3(டி) பிரிவே செல்லாது என்று அது தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன கடைசி வார்த்தை: 3(டி) கேட்கும் மருந்தின் 'திறன்' என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது மட்டும் போதாது. 'ரத்தத்தில் நன்றாகக் கலக்கிறது' என்ற ஒரே வரைபடத்தோடு வருபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். தசை நார் என்ன ஆனது, பிடிவலிமை என்ன ஆனது, அதைக் காட்டுங்கள்.

அப்படியென்றால் இங்கே வழியே இல்லையா? உண்டு, குறுகலாக. இரண்டு மருந்து சேர்ந்து தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையை மிஞ்சினால், அந்தச் சேர்க்கையைக் கேட்கலாம். தரவு இல்லாவிட்டால் 3(இ) பிரிவு அதை வெறும் கலவை என்று ஒதுக்கிவிடும். விழுங்க முடியாத குழந்தைக்கான புதிய மருந்து வடிவத்தைக் கேட்கலாம். மாத்திரையைப் பொடித்து சிரப் ஆக்கியதற்கு யாரும் காப்புரிமை தர மாட்டார்கள்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 'இந்த நோயாளிக்கு இந்த அளவில் கொடுக்கும் முறை' என்று கேட்கலாம். ஐரோப்பாவில் முறையைக் கேட்கக் கூடாது; 'இந்த நோய்க்குப் பயன்படுத்துவதற்கான இந்தப் பொருள்' என்று கேட்க வேண்டும். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் ஒரே கிளெய்ம் பட்டியலை மூன்று நாட்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவது காசைக் கரியாக்கும் வேலை.

கிளெய்மில் 'தசைச் சிதைவு' என்று மொத்தமாக எழுதுவது அடுத்த ஆசை. சிறுவர்களைத் தாக்கும் மரபுவழித் தசைநோயான டூஷேன் நோயில், தசையைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் புரதமே இல்லை. முதுமையில் தசை கரைவது வேறு, புற்றுநோயில் உடல் உருகுவது வேறு, ஸ்டீராய்டால் மெலிவது வேறு. டெக்ஸாமெத்தசோன் எலியை வைத்துக்கொண்டு இத்தனைக்கும் உரிமை கேட்டால் என்ன ஆகும்? நரம்பு வலி மருந்தான பிரீகாபலினைக் கேளுங்கள். அந்த மருந்தை 'வலி'க்கும் 'நரம்பு வலி'க்கும் கோரிய கிளெய்ம்களை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லாதவை என்றது. நரம்பு வலியில் ஒரு வகைக்கு மனுவில் நம்பத்தகுந்த அடிப்படை இருந்தது, மூளை, தண்டுவடத்திலிருந்து எழும் வகைக்கு இல்லை. பேராசைப்பட்ட கிளெய்ம் முழுதாக விழுந்தது.

'யாருமே இதைச் செய்யல சார்' என்பதும் ஒரு பொறி. அதே சோதனையை யாரும் செய்யாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் துறை படித்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்பதுதான் கேள்வி. டூஷேன் நோயில் தசைக்கு ரத்தம் போதாமல் போவதற்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு முன்பே எழுதப்பட்டதுதான். அதை நம்பித்தான் ஆண்மைக் குறைவு மருந்தான டடாலஃபிலை 331 சிறுவர்களிடம் சோதித்தார்கள். நடைத்திறன் சரிவது குறையவில்லை. அதே குடும்பத்து இன்னொரு மருந்தோடு இன்று வந்தால், பரிசோதகர் அந்தக் கட்டுரைகளை மேஜையில் அடுக்குவார். வயாகரா என்று விற்கும் சில்டெனாஃபிலுக்கே இது நடந்தது. ஆண்மைக் குறைவுக்கான அதன் காப்புரிமையை 2000இல் லண்டன் நீதிமன்றம் ரத்து செய்தது. முந்தைய கட்டுரைகளே வழியைக் காட்டிவிட்டன என்பது காரணம்.

காப்புரிமை ஒன்றுதான் வேலி என்று நினைப்பதும் தவறு. டெஃப்ளசகார்ட் பழைய ஸ்டீராய்டு, நம்மூர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. 2017 பிப்ரவரியில் அமெரிக்கா அதை டூஷேன் நோய்க்கு அனுமதித்தபோது மாரத்தான் நிறுவனம் அறிவித்த விலை ஆண்டுக்கு 89,000 டாலர். அந்தத் துணிச்சலைத் தந்தது அரிய நோய் மருந்துகளுக்கு அந்நாடு தரும் 7 ஆண்டுத் தனியுரிமை. எதிர்ப்பு வெடித்து அடுத்த மாதமே மருந்தை வேறு நிறுவனத்துக்கு விற்கும் அறிவிப்பு வந்தது. அந்த விலையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அமெரிக்காவில் இப்படியொரு வேலி இருப்பதும், இங்கே எளிதில் கிடைக்காததை அங்கே தேடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியை கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் கூட்டு ஆய்வாளர் நாளைக் காலையே அங்கே மனு போடத் தயாராக இருப்பதாக ஆசிரியை சொன்னார். வேண்டாம் என்றேன். இந்தியாவில் வசிப்பவர் இங்கே முதலில் தாக்கல் செய்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது படிவம் 25 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 39ஆம் பிரிவு விதி அது. மீறினால் தண்டனையும் உண்டு.

"இங்கதான் கிடைக்காதுன்னீங்களே, அப்புறம் ஏன் சார் இங்க போடணும்?"

"தேதிக்காக மேடம். அமெரிக்காவுக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு. இங்க போட்ட தேதியை அங்க காட்டலாம்."

ஐரோப்பா போனதாகவே நினைத்திருந்தோம். அவர் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டியபோது மலரில் வராத ஒரு குழு கண்ணில் பட்டது. தினமும் கொடுக்காமல் வாரம் இரண்டே நாள் மருந்து கொடுத்த எட்டு எலிகள். தசை எடை மற்றவற்றைவிடக் கூடுதல். மருந்து கொடுக்கும் இடைவெளி மட்டும் புதிதாக இருந்தாலும், 'இப்படிக் கொடுப்பதற்கான இந்தப் பொருள்' என்று கேட்டால் ஐரோப்பா பரிசீலிக்கும். அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். கருத்தரங்க மலரை மட்டும் திருப்பித் தரவில்லை. முன்பே வெளியானது என்று மனுவில் அதையும் காட்டியாக வேண்டும்.