கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: பிள்ளைக்கு எவ்வளவு பால் வேண்டும்?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையோடு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், புறப்படுகிற வாரத்தில் பிள்ளையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைக்கு வேண்டிய அளவு நிறையை வைத்துத்தான் வரும். ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 மி.லீ. ஐந்து கிலோ பிள்ளைக்கு 750 மி.லீ.; ஆறு தரம் குடித்தால் தரத்துக்கு 125. சில பிள்ளைகள் கிலோவுக்கு 200 வரை கேட்கும், அதுவும் சரிதான். பிறந்து முதல் வாரம் தாண்டிய பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு.

பயண நாளில் இது குழம்பிப் போகும். ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டியில் யாழ்ப்பாணம் வந்து சேரும்போது ‘இன்றைக்கு’ என்றால் எந்த நாள் என்றே தெரியாது. அதனால் ஒரு கைபேசியைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டு, 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு போனது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் 60 மி.லீ.தான் குடித்தது, அடுத்த தரம் 150 குடித்தது என்றால் பதறத் தேவையில்லை.

பால்மாவைப் புறப்படுகிற ஊரிலிருந்தே கொண்டு போங்கள். 750 மி.லீ. குடிக்கிற பிள்ளைக்கு 800 கிராம் பேணி ஒன்று ஏறத்தாழ ஒரு வாரம் வரும். 2021, 2022இல் ஊரில் பால்மாவுக்குச் சனம் வரிசையில் நின்றதை மறக்க முடியாது. அங்கே கடையில் வாங்க நேர்ந்தால், தேநீருக்குப் போடும் ஆங்கர் போன்ற பால்மாவைக் குழந்தைக்குக் கரைக்கக் கூடாது. குழந்தைகளுக்கான பால்மாவே வேண்டும். பேணிக்குப் பேணி கரண்டியின் அளவு மாறும். பழைய கரண்டியைப் புதுப் பேணிக்குள் போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரட்டைக் கவனம் தேவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்பது. தோட்டத்துக்குப் போடும் உரம் சுலபமாகக் கீழே இறங்கிவிடும். குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், புட்டிப்பால் குடிக்கிற சிறு குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகத் தடுமாறும். உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். எத்தனை தலைமுறை குடித்த கிணறாக இருந்தாலும் குழந்தைப் பாலுக்கு அது வேண்டாம். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை உள்ள போத்தல் தண்ணீரை வாங்கிக் கொதிக்க வையுங்கள். இறக்கி அரை மணி நேரத்துக்குள், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரையுங்கள். மாவிலும் கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தை அடுத்த தரத்துக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மி.லீ. கணக்கு வேண்டாம். வெயிலுக்கு அடிக்கடி கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மாதான்.

வீட்டுக்குப் போனதும் கேட்கப்போகிற பேச்சு இது: “பிள்ளை மெலிஞ்சு போச்சு, பால் காணாது போல.” அன்பில் சொல்வதுதான். அப்புறம் மாவை ஒரு கரண்டி கூடப் போடச் சொல்வார்கள், ஆட்டுப்பால் நல்லது என்பார்கள், நாக்கில் தேன் தொட்டு வைக்கப் பார்ப்பார்கள். மூன்றும் வேண்டாம். மாவைத் தடிப்பாகக் கரைத்தால் நீரிழப்பும் மலச்சிக்கலும் வரும். ஒரு வயது வரை ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ தாய்ப்பாலுக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் ஈடாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் உயிராபத்து. பெரியவர்களோடு வாதாடுவதை விடப் பம்பஸ் கணக்கைச் சொல்வது நல்லது: “இண்டைக்கு ஆறு தரம் நனைச்சிட்டான் மாமி, வயிறு நிறையுது.” நாளுக்கு ஆறு நன்றாக நனைந்த பம்பஸ், வெளிர் நிறச் சிறுநீர், விழித்திருக்கும்போது சுறுசுறுப்பு. இவை இருந்தால் பால் காணும். இன்னும் சந்தேகம் என்றால் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கலாம்.

உச்சிக்குழி உள்ளே இறங்கினால், வாய் காய்ந்தால், எழுப்பியும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். யாழ் போதனா வைத்தியசாலையோ பக்கத்து ஆதார வைத்தியசாலையோ, உடனே கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள்; அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.