பள்ளிக்கூடம் வேண்டாம்னு முடிவெடுத்தாச்சா? முதல்ல இதைச் செய்யுங்க

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்றால் நம்மாட்கள் கேட்கிற முதல் கேள்வி, "சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வீங்க?" என்பதுதான். அதை முதலில் முடித்துவிடுங்கள். என்.ஐ.ஓ.எஸ். என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம் போதும், தேர்வு எழுத 5 வருடத்துக்குள் 9 வாய்ப்பு, வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஆதாரில் இருக்கிற பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இனிஷியல் மாறிப்போய் நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

சரி, படிப்பு. முதல் சில மாதம் பாடப்புத்தகத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி, மொழி தெருவிலேயே கிடக்கிறது. என் மகள் மலையாளம் எழுத்துக்கூட்டியது பஸ் போர்டில்தான், 'பாலக்காடு' படிக்கத் தெரிந்ததும் 'சிற்றூர்' தானாக வந்தது, அப்புறம் பால் சொசைட்டி ரசீதில் லிட்டரையும் கொழுப்பு அளவையும் வைத்துத் தசமம் போட்டாள். தமிழ் எழுத்து மட்டும் தானாக வராது; தினமும் அரைமணி உட்கார்ந்து எழுத வையுங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள். இதே முடிவெடுத்த நாலு குடும்பத்தைத் தேடிப் பிடித்து வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடுங்கள். பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஊரே துக்கம் விசாரிக்க வரும்.