கை தானாக போனை எடுக்கிறதா? சமூக ஊடகத்தை ஒழுங்குபடுத்த ஒரு செய்முறை

"இனி நாளுக்கு அரை மணி நேரம்தான்" என்று சபதம் போட்டு ஆப்பை அழிப்பவர்களில் பலர் மூன்றாம் நாளே அதை மறுபடி இறக்கிவிடுகிறார்கள். பிறகு, தனக்கு மன உறுதி போதாது என்று நொந்துகொள்வது வேறு. தப்பு வரிசையில்தான் இருக்கிறது. கை எப்போது போகிறது, எதைப் பார்த்தபின் மனம் கனக்கிறது என்று தெரியாமல் நேரத்தை வெட்டிப் பயனில்லை.

படி 1: மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' திறந்து கணக்கைப் பாருங்கள். மொத்த நேரத்தைவிட, போனை எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை முக்கியம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பார்ப்பதும், ஒவ்வொரு நிமிடமாக அறுபது முறை எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் வேலையும் பேச்சும் அறுபது முறை அறுபடுகின்றன.

கூடவே ஒரு துண்டுக் காகிதம். ஆப்பை மூடியதும் மணியையும் ஒரு சொல்லையும் குறியுங்கள்: 'இரவு 11.20, பொறாமை', 'காலை 10, சலிப்பு', 'மதியம் 2, சிரிப்பு'. மூன்றாம் நாள் படித்தால், ஒரே நேரமும் ஒரே சொல்லும் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

இது வெறும் முன்னோட்டம் அல்ல. 2018-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடத்தோடு நிறுத்திய பிரிவினருக்கு மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் வழக்கம்போலப் பயன்படுத்திய பிரிவிலும் பதற்றம் குறைந்தது. தங்கள் பயன்பாட்டைத் தாங்களே கவனித்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

படி 2: ஃபீடில் களை எடுங்கள்

இருபது நிமிடம் ஒதுக்கி முதல் 50 பதிவுகளை மட்டும் பாருங்கள். மனத்தைக் கீறும் கணக்கு தெரியாதவருடையது என்றால் அன்ஃபாலோ. உறவினர், நண்பர் என்றால் மியூட். அவருக்குத் தகவல் போகாது, மனத்தாங்கலும் வராது. இன்ஸ்டாகிராமில் பதிவுகளுக்கும் ஸ்டோரிக்கும் தனித்தனி மியூட் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு 'மறுபடி வருகிறதே' என்று குழம்புவது வழக்கம். வாட்ஸ்அப்பில் ஒருவரின் ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்தால் மியூட் வரும்.

யூடியூப்பில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் காணாமல் போகும். தேடினால்தான் வீடியோ. முதல் நாள் வெறிச்சென்று இருக்கும், அதுதான் வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: எரிச்சலோடு நின்று பார்த்தாலும், திட்டிக் கமெண்ட் போட்டாலும், ஆப்பின் கணக்கில் அது ஆர்வம்தான். பிடிக்காததைத் திட்டாமல் கடந்து போங்கள்.

படி 3: நோட்டிபிகேஷன்

மனிதர் ஒருவர் நேரடியாக உங்களுக்கு எழுதிய செய்தி மட்டும் ஒலிக்கட்டும். லைக், பரிந்துரை, 'இன்னார் லைவ் வந்தார்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

படி 4: கைக்கும் ஆப்புக்கும் நடுவே தடை

போனைத் திறந்ததும் கட்டைவிரல் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐகானை முகப்பிலிருந்து எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் அந்த வெற்றிடத்தையே தொடும். பழக்கம் எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் புரியும்.

முடிந்தால் ஆப்பை அழித்து, பிரவுசரில் லாகின் செய்து பாருங்கள், முடித்ததும் லாக்அவுட். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்கும் சில நொடிகளில் 'எதற்கு வந்தேன்?' என்ற கேள்வி எழும். முடிவே இல்லாத ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னர் அதற்காக வருந்தினார். பக்கம் முடியும் இடத்தில் இயல்பாக நின்றுவந்த கை, அதற்குப் பிறகு நிற்கவில்லை.

இரவில் சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் 'அலாரம் வைக்கத்தான்' என்ற சாக்கில் போன் தலையணைக்கு வந்துவிடும்.

படி 5: கடைசியில்தான் நேரக் கட்டுப்பாடு

படி 1-இல் கண்ட சராசரியில் கால் பங்கை மட்டும் குறையுங்கள்: 120 நிமிடம் என்றால் 90. ஒரு வாரம் தாங்கினால் இன்னொரு கால் பங்கு.

ஐபோனில் நேரம் முடிந்ததும் வரும் திரையிலேயே, அதைப் புறக்கணிக்கும் பட்டனும் இருக்கும். நான்கைந்து நாளில் விரல் அதைப் படிக்காமலே அழுத்தப் பழகிவிடும். 'ஸ்க்ரீன் டைம்' பாஸ்கோடை வீட்டில் வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் டைமர் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். 12 மணிக்கு விழித்திருப்பவருக்குப் புது ஒதுக்கீடு கிடைத்துவிடும். படி 4-இன் சார்ஜர் அதற்குத்தான்.

இரண்டாம் வாரம், படி 1-இல் பார்த்த கணக்கை மறுபடி பாருங்கள். இன்ஸ்டாகிராமில் குறைந்த 40 நிமிடம் யூடியூப் ஷார்ட்ஸில் ஏறியிருக்கலாம். அப்படியென்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரம்பு வையுங்கள். இத்தனையும் செய்தபின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால், அது செட்டிங்ஸில் தீர்கிற விஷயமல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், அவருக்குப் பயன்படும்.