பழைய ஸ்டீல் பெஜோவா, புது ரோடு பைக்கா? வாங்கும் முன் கால் மணி நேர வேலை

எங்கள் கட்டடத்து நிலவறையில் என் சைக்கிள்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்று பிரெஞ்சு நிறுவனமான பெஜோ எண்பதுகளில் செய்தது. பாரிஸுக்கு வெளியே ஒரு பழம்பொருள் சந்தையில் 90 யூரோவுக்கு வாங்கியது. மற்றது அலுமினியப் பிரேம், கார்பன் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), டிஸ்க் பிரேக் வைத்த புது ரோடு பைக். பழையதை ஓட வைக்க மூன்று மாதமும் இன்னொரு 210 யூரோவும் ஆயின. வாங்கும்போதே அளந்து பார்த்திருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எதை எதை அளக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பஞ்சர் ஒட்ட, செயின் மாட்ட உங்களுக்குத் தெரியும்தானே, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கையில் ஒரு காந்தம், டார்ச், வெர்னியர் கேலிப்பர், பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு. கேலிப்பர் இரும்பாக இருக்கட்டும். சீட் போஸ்ட் அளவுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் வருகின்றன, பிளாஸ்டிக் கேலிப்பரை நம்பி நான் வாங்கிய போஸ்ட் குழாய்க்குள் ஆடியது.

முதலில் காந்தம். பிரேமில் ஒட்டினால் ஸ்டீல். அப்படியே ரிம்மிலும் வையுங்கள். அங்கேயும் ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு ரிம். மழையில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கும். அந்த வண்டிக்குப் புதுச் சக்கரச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அடுத்து ஸ்டிக்கர். ரெய்னால்ட்ஸ் 531 என்றிருந்தால் 1935-இல் பர்மிங்காமில் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் கலவைக் குழாய், நல்ல சரக்கு. கார்போலைட் 103 என்றிருந்தால் பெஜோ தன் மலிவு வண்டிகளுக்குப் போட்ட சாதாரண ஸ்டீல். என்னுடையது கார்போலைட்தான். தராசில் 11.9 கிலோ, புதியது 9.3.

பிறகு பின்சக்கரம் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்பக்க இடைவெளியை அளங்கள். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கர காலம், 126 என்றால் ஆறு, ஏழு. எட்டிலிருந்து பதினொன்று வரை, ரிம் பிரேக் வண்டிகளுக்கு 130. இப்போதைய டிஸ்க் பிரேக் வண்டிகளில் 142, அதுவும் துளைக்குள் நுழைந்து போகும் அச்சு. அதனால் புது வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பழையதில் மாட்டலாம் என்ற கனவு வேண்டாம். 126-இல் 130 சக்கரத்தை, ஸ்டீல் என்பதால், கையால் லேசாக விரித்து உள்ளே தள்ளிவிடலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

சரி, என் இரண்டு வார இறுதிகளைத் தின்ற இடத்துக்கு வருவோம்: பெடல் கைகள் இரண்டையும் இணைக்கும் அச்சு சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப். இணையத்தில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் செயின் பக்கத்துக் கப்பைக் கடிகாரத் திசையில் திருகினால் கழலும் என்றன. நானும் ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி, எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் முறை டார்ச் அடித்துக் கப்பின் முகத்தைத் துடைத்தபோதுதான் 35x1 என்ற மரை அளவு தெரிந்தது. அது பிரெஞ்சு மரை! ஆங்கில மரையில் (1.37x24) செயின் பக்கம் இடதுமரை, அதாவது கடிகாரத் திசையில் கழலும்; பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் (36x24) இரு பக்கமும் வலதுமரை. அதாவது இரண்டு நாளாக நான் கப்பை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வில்லங்கம்: சுவிஸ் மரையும் 35x1 தான், ஆனால் செயின் பக்கம் ஆங்கிலம் போல இடதுமரை. பழைய மோட்டோபெக்கான் வண்டிகள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். எண்ணை மட்டும் பார்த்துத் திசையை முடிவு செய்யாதீர்கள். இரண்டு திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் முயன்று பாருங்கள்.

கப்பின் தட்டை விளிம்பில் ஸ்பேனர் நழுவுகிறதா? கப்பின் துளை வழியாகத் தடித்த போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, இரு பக்கமும் வாஷர் வைத்து, உள்ளே நட்டால் இறுக்கி, போல்ட் தலையைத் திருப்புங்கள். ஆங்கில மரையில் போல்ட் இறுக இறுகக் கப் கழன்று வரும். பிரெஞ்சில் திசை எதிர் என்பதால் போல்ட்தான் கழலும். ஆகவே இன்னொரு நட்டைப் போட்டு முதல் நட்டோடு பூட்டிவிடவேண்டும்.

இனி கியர். பெஜோவில் முன்னால் 52/42 பற்கள், பின்னால் 14 முதல் 24 வரை. மிக இலகுவான கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 3.7 மீட்டர் நகரும். புதியதில் 34-க்கு 34, அதாவது 2.1 மீட்டர். பாரிஸின் பெல்வில் ஏற்றத்தில் எடையை விட இதுதான் முட்டியைக் கேட்கும். புது வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடும் இடம் இது ஒன்றுதான். பிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயான டவுன் டியூபில் இருக்கும் பழைய கியர் நெம்புகோலுக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

கடைசியில் ஓட்டிப் பார்ப்பது. டயரைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். நான் முதலில் பெஜோவை 23 மி.மீ. டயரில் 7 பார் காற்றோடும், புதியதை 28-இல் 5 பாரோடும் உர்க் கால்வாய்ப் பாதையில் ஓட்டிவிட்டு, ஸ்டீல் உடம்பை உலுக்குகிறது என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். பிறகு இரண்டிலும் ஒரே 28 டயர், ஒரே காற்று. கண்ணைக் கட்டிவிட்டால் எது எது என்று சொல்லியிருக்க மாட்டேன். டயர் வாங்கும் முன் பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள்: 622 என்றால் இன்றைய 700சி, 630 என்றால் பழைய 27 அங்குலம், ஒன்றில் மற்றது உட்காராது. பிரேக் அடியில் 28-க்கு இடமிருக்கிறதா என்றும் விரல் விட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: கிராங்க் (பெடல் கை) கழற்றும் கருவி மரையில் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வழக்கமான கருவி 22 மி.மீ. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குக்கு 23.35, டி.ஏ. கிராங்குக்கு 23 வேண்டும். ஆடும் கருவியோடு இழுத்தால் கிராங்கின் மரை பிய்ந்துவிடும்.

பின்சேர்க்கை 2: காதை விரிக்கச் சொன்னது ஸ்டீலுக்கு மட்டும். வாசகர் ஒருவர் ஒல்லிக் குழாயைப் பார்த்து விரிக்கப் போயிருக்கிறார். நல்லவேளை, முதலில் படம் அனுப்பினார். அது வீட்டுஸ் 979, அலுமினியக் குழாய்களைப் பசையால் ஒட்டிய பிரேம். காந்தத்தை முதலில் எடுக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.