செட் இல்லாமல் ஒரு ஆப்பரா: பெங்களூரு கொயர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், என்றதும் செட், திரை, ஒப்பனை என்று செலவுக் கணக்கு பயமுறுத்தும். கச்சேரியாக நடத்தினால் இதெல்லாம் வேண்டாம். ஆர்கெஸ்ட்ரா மேடையிலேயே உட்காரும், கொயர் (சேர்ந்து பாடும் குழு) அதன் பின்னால் நிற்கும், தனிப்பாடகர்கள் முன்னால் வருவார்கள். ஆனால் செட் போய்விட்டால் கதை சொல்ல மிஞ்சுவது வார்த்தைதான். நகைச்சுவை ஆப்பராவில் அது காதில் விழவில்லை என்றால், வாசிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

முதல் தடவைக்கு கில்பர்ட் (பாட்டு வரிகள்), சல்லிவன் (இசை) இருவரின் 'ட்ரையல் பை ஜூரி'யை எடுங்கள். 1875இல் லண்டனில் அரங்கேறியது. ஒரே அங்கம், சுமார் 40 நிமிடம், பேச்சு வசனமே கிடையாது. மற்றவற்றில் வசனத்தை வெட்டிக் கதைசொல்லியை வைத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். இதில் அந்தத் தலைவலி இல்லை. கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி ஏமாற்றியவன் மேல் பெண் வழக்குப் போடுகிறாள். கடைசியில் நீதிபதியே அவளைக் கட்டிக்கொள்கிறார். சல்லிவன் 1900இலும் கில்பர்ட் 1911இலும் காலமானார்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் இந்தியாவில் காப்புரிமை தீர்ந்துவிடும், ஆகவே பழைய பதிப்பு இசைக்குறிப்பு நோட்டுகளைத் தயங்காமல் அச்சடிக்கலாம். எல்லார் கையிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். பார் (தாளக் கட்டம்) எண்களைப் பென்சிலால் முன்பே குறித்துவிடுங்கள். இதைச் செய்யாத குழு ஒவ்வொரு ஒத்திகையிலும் 'எங்கிருந்து?' என்று கேட்டே அரை மணி நேரத்தைத் தொலைக்கும்.

கொயருக்கு 30 முதல் 40 பேர் போதும். சிக்கல் ஆண் குரலில் வரும். கொயர் பாடும் ஜூரிகள் (நீதிமன்ற நடுவர் குழு) டெனரும் பேஸும், அதாவது ஆண்களின் மேல்குரலும் கீழ்க்குரலும், மட்டுமே. நம் சர்ச் கொயர்களிலோ பெண்கள்தான் அதிகம். டெனர் குறைந்தால் தாழ்ந்த ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) இரண்டு பேரை அந்த வரிசையில் நிறுத்துங்கள், தப்பில்லை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களில் டானிக் சல்ஃபா ('டோ, ரே, மி' என்று எழுத்தால் ஸ்வரம் குறிக்கும் முறை) படித்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு சல்ஃபாவில் எழுதிக் கொடுத்தால் பாதி நாளில் தங்கள் பார்ட்டை (தங்கள் குரலுக்கான வரியை) பிடித்துவிடுவார்கள். சுருதி மாறும் இடங்களில் புது 'டோ' எது என்று மட்டும் தெளிவாகக் குறியுங்கள்.

ஆங்கில உச்சரிப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மெய்யில் முடியும் சொல்லுக்கு ஒரு உகரம் சேர்ப்பது நம் நாக்கின் பழக்கம்: 'கோர்ட்' கோர்ட்டு ஆகும், 'ஜட்ஜ்' ஜட்ஜு ஆகும். ஒருவர் பாடினால் தெரியாது. முப்பது பேர் சேர்ந்தால் ஒரு அசை கூடி, தாளமே தடுக்கும். முதல் இரண்டு வாரம் மெட்டே வேண்டாம். தாளம் தட்டி வார்த்தையை மட்டும் சொல்லவையுங்கள். சொல்லின் கடைசி 'ட்' எந்தத் தட்டில் விழ வேண்டும் என்று கண்டக்டர் (கோலால் தாளம் காட்டி நடத்துபவர்) இடது கையால் காட்டட்டும். 'ஸ்' ஓசையில் முடியும் சொல்லை முன்வரிசை மட்டும் முடிக்கட்டும். நாற்பது பேரும் முடித்தால் குக்கர் விசில் அடித்த மாதிரி இருக்கும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்த வகைக்கு வழக்கமான கணக்கு இரண்டு ஃப்ளூட், ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், ஒரு பசூன், இரண்டு ஹார்ன், இரண்டு கார்னெட், இரண்டோ மூன்றோ டிராம்போன், டிரம், ஸ்ட்ரிங்ஸ். ஓபோ, பசூன் என்ற குழல் வாத்தியங்களை வாசிப்பவர்கள் கிடைப்பது அரிது. கீபோர்டில் ஒருவர் அந்த வரிகளை மட்டும் வாசிக்கட்டும், முழு கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) போட்டு நிரப்ப வேண்டாம். பித்தளை வாத்தியத்துக்குக் கவலையில்லை. அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இருக்கிற ஊர் இது. ராணுவ பேண்டில் ஓய்வு பெற்றவர்களை விசாரித்துப் பாருங்கள். கார்னெட் அல்லது கிளாரினெட் பார்ட்டில் 'இன் ஏ' (ஏ சுருதி வாத்தியத்துக்கு எழுதியது) என்று இருந்து, வாசிப்பவர் கையில் பி ஃப்ளாட் வாத்தியம் இருந்தால், எழுதியதற்கு அரை ஸ்வரம் கீழே வாசிக்க வேண்டும். இதை மேடையில் மனக்கணக்காகச் செய்யச் சொல்லாதீர்கள், முன்பே எழுதிக் கொடுங்கள்.

ஆப்பரா அரங்கில் வாத்தியங்கள் பள்ளத்துக்குள் இருக்கும். இங்கே பாடகரோடு சமமாக மேடையில் இருப்பதால் சத்தம் நேராகச் சபைக்குப் போகும். அதனால் வாத்தியப் பார்ட்டில் சத்த அளவைச் சொல்லும் எல்லா வலிமைக் குறியையும் ஒரு படி குறைத்து எழுதுங்கள். டிராம்போன்கள் பக்கவாட்டில் திரும்பி உட்காரட்டும். நீதிபதி தன் கதையைச் சொல்லும் வேகப் பாட்டில் வயலினில் பாதிப் பேர் வில்லைக் கீழே வைக்கட்டும். கொயரின் கடைசி வரிசை கண்டக்டரிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளியிருக்கும். முன்வரிசை வாத்தியத்தைக் காதால் கேட்டுப் பாடினால் பின்தங்கத்தான் செய்யும். கோலைப் பார்த்து மட்டும் பாடச் சொல்லுங்கள். தனிப்பாடகர்கள் கண்டக்டருக்கு முதுகு காட்டாமல் சாய்வாக நிற்கட்டும். தாளம் நிற்கிற, பேச்சு மாதிரியான இடங்கள்தான் அதிகம் சிதறும். அங்கே வாத்தியக்காரர் பார்ட்டில் பாடகரின் சொற்களையும் எழுதிவையுங்கள்.

மல்லேஸ்வரம் சௌடையா மெமோரியல் ஹால் அளவு பெரிய அரங்கில் மைக் தேவைப்படும். சவுண்ட்காரர் ஆளுக்கொரு மைக் வைக்கத் துடிப்பார். தனிப்பாடகர்களுக்கு ஒவ்வொன்று, கொயருக்கு மேலே நான்கு, வாத்தியத்துக்கு ஒன்றும் வேண்டாம். எக்கோ சுத்தமாக வேண்டாம். சர்ச்சுக்குள் நடத்தினால் எதிரொலியே போதும் போதும் என்று இருக்கும், வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வாரம் திட்டமிடுங்கள். கொயருக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஆர்கெஸ்ட்ராவுக்குத் தனியாக இரண்டு தடவை, சேர்ந்து இரண்டு தடவை, கச்சேரி அன்றைக்கு மதியம் ஒரு தடவை. ஒயிட்ஃபீல்டிலிருந்து போக்குவரத்து நெரிசலில் வருபவரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்பார்ப்பது வீண். முதல் அரை மணியில் கோரஸ் மட்டும் பாடும் பகுதிகளை வையுங்கள்.

உடைக்குக் கறுப்பு போதும். வக்கீல் நண்பரிடம் அங்கியும் கழுத்துப் பட்டையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். நீதிபதி கையில் மரச்சுத்தி மட்டும் கொடுக்காதீர்கள்: 'ஆர்டர், ஆர்டர்' என்று தட்டுவது நம் சினிமா கோர்ட், இங்கிலாந்துக் கோர்ட்டில் அந்த வழக்கம் கிடையாது.

பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு வரிகளைத் திரையில் காட்டினால் ஒரு ஸ்லைடில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மாற்றுபவர் நோட்டு படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நகைச்சுவை வரியை எப்போதும் தனி ஸ்லைடாக வெட்டி, பாடகர் அந்தச் சொல்லுக்கு வந்த பிறகே காட்டுங்கள். இல்லாவிட்டால் பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே சபை சிரித்து முடித்துவிடும். அடுத்த வரி அந்தச் சிரிப்புக்குள் மூழ்கிப்போகும்.